தூசி என்று நினைத்த நட்சத்திரம்

நபீசாவின் நாக்கு நுனி எப்போதும் கறுப்பாகவே இருக்கும்.

யாராவது கேட்டால், "நாவப்பழம் தின்னேன்" என்பாள். நாவல்பழக் காலம் முடிந்து எத்தனையோ மாதம் ஆன பிறகும் அதையேதான் சொன்னாள்.

"ஏண்டி, உங்க வீட்டுல மட்டும் வருஷம் பூரா நாவமரம் காய்க்குதா?" என்று வசந்தா ஒரு நாள் வகுப்பிலேயே கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து நபீசா வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகிக்கொண்டாள்.

அது பழமும் இல்லை, பாக்கும் இல்லை, கண்ணுகளா. மை.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி ஆறு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. போட்டோ எல்லாம் கறுப்பு வெள்ளைதான். பிலிமிலிருந்து காகிதத்தில் படம் போடும்போது துளி தூசி உட்கார்ந்தால் போதும், அந்த இடம் வெள்ளைப் புள்ளியாக விழுந்துவிடும். மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டில் சோற்றுப் பருக்கை மாதிரி ஒரு புள்ளி. மணப்பெண்ணின் கூந்தலில் ஈர் மாதிரி ஒரு புள்ளி. கல்யாண வீட்டார் சும்மா விடுவார்களா?

அதைச் சரிசெய்வதற்கென்றே ஸ்டூடியோவில் ஓர் ஆள் உண்டு. ஜானகிராமன் முதலாளியின் ஸ்டூடியோவில் அந்த ஆள் நபீசாவின் அப்பா, அவள் அத்தா என்று கூப்பிடும் ஜலால். எல்லாரும் 'டச்சிங்' என்று சொல்வதை அவர் மட்டும் 'ரெத்தூஷ்' என்பார். சின்ன வயதில் ஒரு பிரெஞ்சு போட்டோக்காரரிடம் பழகிய வேலை. மயிரிழை போல ஒரு தூரிகை. கிண்ணத்தில் குழைத்த மை. தூரிகை முனையை நாக்கில் வைத்துக் கூராக்கிக்கொண்டு, வெள்ளைப் புள்ளியின் மேல் மெல்ல ஒரு தொடு. புள்ளி இருந்த சுவடே தெரியாது.

போன மழைக்காலத்தில் ஜலாலின் கண்களில் புரை விழுந்தது.

"பால் கலந்த தண்ணிக்குள்ள இருந்து பாக்கற மாதிரி இருக்கு" என்று வீட்டில் மட்டும் சொன்னார். ஸ்டூடியோவில் சொல்லவில்லை. கண் தெரியாதவருக்கு டச்சிங் வேலையை யார் கொடுப்பார்கள்? அதனால் படங்களை ஒரு தகரப் பெட்டியில் போட்டு முல்லா வீதி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். "வீட்டு ஜன்னல்ல வெளிச்சம் நல்லா வருது மொதலாளி" என்பார். முதலாளியும் நம்பினார்.

காலை வெயில் ஜன்னலுக்கு வரும்போது நபீசா உட்காருவாள். தூரிகையை நாக்கில் வைப்பாள். கோட்டில் இருக்கும் சோற்றையும் கூந்தலில் இருக்கும் ஈரையும் ஒவ்வொன்றாக எடுப்பாள். பிறகு பள்ளிக்கூடம் போவாள்.

வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் கறுப்பு நாக்கினால்தான். அது வெளியே தெரிந்துவிட்டால் எரியாது. பதினொரு வயதுப் பெண்ணுக்கு அது நன்றாகவே தெரியும்.

*

ஒரு வியாழக்கிழமை அத்தா கொண்டுவந்த பெட்டியில் கல்யாணப் படம் எதுவும் இல்லை. வழவழவென்று இரண்டே படங்கள். இரண்டும் ஒன்று போலவே இருந்தன. கரிய இருட்டு. நடுவில் வெள்ளையாக ஒரு சுழல். சுற்றிலும் வெள்ளைப் பொட்டுகள்.

"ஜிலேபி!" என்றான் தம்பி பாவா. அவனுக்கு ஐந்து வயது. எதைப் பார்த்தாலும் தின்பண்டமாகத்தான் தெரியும்.

"வானத்துல இருக்கற நட்சத்திரக் கூட்டமாம்டா" என்றார் அத்தா. "நபீசா, உங்க செல்வாம்பாள் டீச்சர் குடுத்தது. பிரான்ஸ்லேர்ந்து வந்திருக்கு. திங்கக்கிழமை உங்க ஸ்கூல்ல கண்காட்சியாமே, அதுக்கு இதைப் பார்த்துப் பெரிசா நகல் எடுக்கணும். தூசி கீசி இருந்தா எடுத்துடு. பாத்து. இந்த ரெண்டுதான் இருக்கு, வேற கிடையாது."

மறுநாள் காலையில் நபீசா படங்களை எடுத்து வைத்துக்கொண்டு முழித்தாள். இதென்ன வம்பு! நட்சத்திரமும் வெள்ளைப் புள்ளி, தூசியும் வெள்ளைப் புள்ளி. எதை எடுப்பது, எதை விடுவது?

நபீசா மண்டு இல்லை. யோசித்தாள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இந்தப் படத்தில் ஒரு புள்ளி, அந்தப் படத்தில் அதே புள்ளி. இரண்டிலும் இருந்தால் நட்சத்திரம். ஒன்றில் மட்டும் இருந்தால்? நட்சத்திரம் என்ன ஆடா, மாடா, இன்றைக்கு வந்து நாளைக்குப் போக? அப்படியானால் தூசிதான்!

ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. கடைசியில் அகப்பட்டது. சுழலின் ஒரு கை வளைந்து வெளியே போகிற இடத்தில், இரண்டாவது படத்தில் மட்டும், பளிச்சென்று ஒரு புள்ளி. முதல் படத்தில் அந்த இடம் வெறும் இருட்டு.

"மாட்டிக்கிட்டியா!" என்றாள் நபீசா.

தூரிகையை நாக்கில் வைத்தாள். ஒரு தொடு.

"அம்மா, இங்க வந்து பாரேன்! எங்க இருந்துச்சுன்னு கண்டுபிடி பாக்கலாம்!"

அம்மா கனீஸ் பாத்திமா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஒண்ணும் தெரியலையே!" என்றாள். நபீசாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

*

அன்றைக்கே மத்தியானம் வகுப்பில் செல்வாம்பாள் டீச்சர் மேசை மேல் சாய்ந்துகொண்டு, "திங்கக்கிழமை உங்களுக்கு ஒரு அதிசயம் காட்டப்போறேன்" என்று ஆரம்பித்தார்.

"எங்கூடக் கான்வென்ட்ல படிச்ச சிநேகிதி பிரான்ஸ்ல வான ஆராய்ச்சிக் கூடத்துல இருக்கா. ஒரு வருஷமா அவளை நச்சரிச்சு ரெண்டு படம் வாங்கியிருக்கேன். ரெண்டும் ஒரே நட்சத்திர மண்டலம். கோடி கோடியா சூரியனுங்க சேர்ந்து சுருள் சுருளா சுத்துது. ஒரு படத்துல ஒரு நட்சத்திரம் அதிகமா இருக்கும். இன்னொண்ணுல இருக்காது."

நபீசாவின் கையிலிருந்த பென்சில் நின்றது.

"ஏன் டீச்சர்?" என்றாள் வசந்தா.

"அது சாகும்போது எடுத்த படம். ஒரு பெரிய நட்சத்திரம் தன்கிட்ட இருக்கறதெல்லாம் எரிச்சுத் தீர்த்துட்டு ஒரேயடியா வெடிக்கும். கோடிச் சூரியன் சேர்ந்த மாதிரி வெளிச்சம் வரும். சூப்பர்நோவான்னு பேரு. கொஞ்ச மாசம். அப்புறம் மங்கிப் போயிடும்."

"எப்ப டீச்சர் வெடிச்சுது? போன வருஷமா?"

"போன வருஷம்தான் தெரிஞ்சுது. வெடிச்சது மனுஷனே பொறக்காத காலத்துல. வெளிச்சமும் நடந்துதானே வரணும்? கோடிக்கணக்கான வருஷமா நடந்து வந்து, போன வருஷம்தான் நம்ம பூமிக்கு வந்து சேர்ந்துது. வந்ததைப் படம் பிடிச்சு வச்சாங்க. இப்ப அந்த இடத்துல ஒண்ணும் கிடையாது. படத்துல இருக்கறது மட்டும்தான். எங்க இருக்குன்னு சொல்ல மாட்டேன். நீங்கதான் தேடணும்."

வகுப்பு முழுக்க "நான், நான்" என்று கூச்சல் போட்டது.

நபீசா மட்டும் குனிந்திருந்தாள். நாக்கு நுனி கசந்தது. மை கசக்காது. ஆனாலும் கசந்தது.

*

பள்ளி விட்டதும் அவள் ஓடிய ஓட்டம்! பெரிய மார்க்கெட்டில் மீன்கூடைக்காரி ஒருத்தி, "ஏ பொண்ணு, கண்ணு பொடனியிலயா இருக்கு?" என்று திட்டினாள். காதில் விழவில்லை.

ஸ்டூடியோ வாசலில் அத்தாவை இழுத்து, காதில் சொன்னாள். அவர் உள்ளே போய், "மொதலாளி, அந்த வானத்துப் படத்துல இன்னும் ஒரு தூசி பாக்கி இருக்கு. காலையில கொண்டாந்துடறேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

வீட்டில் ஜன்னலோரம் இன்னும் கொஞ்சம் வெயில் மிச்சம் இருந்தது. பஞ்சை நனைத்துப் பிழிந்து, மை வைத்த இடத்தில் நபீசா ஒற்றினாள். மை வரவில்லை. காலையிலிருந்து ஊறிப் போயிருந்தது. இன்னும் ஒரு ஒற்று. இன்னும் ஒன்று. மை வந்தது. கூடவே படத்தின் மேல்தோலும் மெல்லிசாக உரிந்து வந்தது. கீழே சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. நட்சத்திரம் இல்லை.

"போச்சு" என்றாள். "அத்தா, போச்சு."

அத்தா படத்தைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"திட்டு மேல மையை வச்சு இருட்டாக்கிடு. காஞ்சதும் நடுவுல பிளேடு முனையால ஒரு குத்து. வெள்ளையா ஒரு புள்ளி விழும். எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது."

அது உண்மைதான். நபீசாவுக்கு அதுவும் தெரியும். மையை வைத்தாள். அது காயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிளேடை எடுத்தாள். முனையைக் கொண்டுபோனாள்.

கை இறங்கவில்லை.

"குத்து புள்ள. வெளிச்சம் போகுது."

"நான் குத்தினா அது நான் வச்ச புள்ளி அத்தா. டீச்சர் அதைக் காட்டி நட்சத்திரம்னு சொல்லுவாங்க. எல்லாரும் வாயைப் பொளந்துக்கிட்டு பாப்பாங்க."

"பாக்கட்டுமே!"

"அது அவ்ளோ தூரம் நடந்து வந்துச்சு அத்தா."

அத்தாவின் குரல் உடைந்தது. "உங்க டீச்சருக்குத் தெரிஞ்சா மொதலாளிக்குத் தெரியும். மொதலாளிக்குத் தெரிஞ்சா யார் ரெத்தூஷ் பண்ணதுன்னு கேப்பாரு. அப்புறம் நாம எங்க போறது? எனக்கு வேற என்ன வேலை தெரியும், சொல்லு."

நபீசா பிளேடைக் கீழே வைத்தாள். வெயிலும் போய்விட்டது.

அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பாவா மட்டும், "ஜிலேபியில ஒரு துண்டு யாரு தின்னா?" என்று கேட்டான். அவனுக்கு அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அவளே அவனை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள்.

*

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. விடிந்ததும் நபீசா படங்களைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். அத்தா பார்த்தார். தடுக்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

டீச்சர் வீடு முத்தியால்பேட்டையில் இருந்தது. டீச்சர் தலையை அள்ளி முடிந்துகொண்டு இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தார். கை இரண்டும் முழங்கை வரைக்கும் மாவு.

"நபீசாவா? என்னடி இவ்ளோ காலையில? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"டீச்சர், அந்த நட்சத்திரத்தை நான் அணைச்சுட்டேன்."

ஆட்டுக்கல் நின்றது.

நபீசா துணியைப் பிரித்துக் காட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள். பஞ்சு வைத்ததைச் சொன்னாள். பிளேடு எடுத்ததைச் சொன்னாள், வைத்துவிட்டதையும் சொன்னாள். டீச்சர் அந்த மாவுக் கைகளை அந்தரத்தில் தூக்கிப் பிடித்தபடியே கேட்டார். படத்தைத் தொடக்கூட முடியவில்லை. கையிலிருந்த மாவு காயத் தொடங்கிவிட்டது.

"ஒரு வருஷம்" என்றார் டீச்சர் கடைசியில். "ஒரு வருஷம் கேட்டு வாங்கினேன்."

நபீசா நின்றாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை. டீச்சரின் கண்தான் கலங்கியது. அது அதைவிட மோசமாக இருந்தது.

பிறகு, "அந்தப் புள்ளி புதுசுன்னு உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல டீச்சர். ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சு ஒண்ணொண்ணா பாத்தேன்."

"யாரும் சொல்லாமயா?"

"ஆமா டீச்சர்."

"அடிப்பாவி" என்றார் டீச்சர். "அங்க பிரான்ஸ்ல அவங்களும் இப்படித்தான் பக்கத்துல பக்கத்துல வச்சுத் தேடறாங்க. எங்க இருக்குன்னு என் சிநேகிதி எழுதியே அனுப்பினா. அப்பவும் ரெண்டு நாள் பூதக்கண்ணாடி வச்சுத் தேடினேன். நீ ஒரே காலையில கண்டுபிடிச்சிருக்கே. கண்டுபிடிச்ச கையோட கொன்னும் போட்டுட்டே!"

அழுவதா சிரிப்பதா என்று டீச்சருக்கே தெரியவில்லை போலிருந்தது. மாவுக் கையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நெற்றியெல்லாம் மாவு.

"சரி, விடு. ரெண்டாவது படம் வேணாம். ஒண்ணை மட்டும் மாட்டிக்கலாம்."

"வேணாம் டீச்சர்." நபீசா அவசரமாகச் சொன்னாள். "ரெண்டும் இருக்கட்டும். அந்த இடத்துல சிவப்பா ஒரு வட்டம் போட்டுடலாம். இங்க நட்சத்திரம் இருந்துச்சு, நபீசா அணைச்சுட்டான்னு கீழ எழுதிடலாம். இல்லேன்னா அது வந்ததே யாருக்கும் தெரியாம போயிடும்."

டீச்சர் அவளையே பார்த்தார். "எல்லாரும் உன்னைக் கிண்டல் பண்ணுவாங்களே."

"பண்ணுவாங்க" என்றாள் நபீசா.

*

நகல் எடுக்க ஸ்டூடியோவுக்குப் போய்த்தானே ஆக வேண்டும்? டீச்சரும் நபீசாவும் போனார்கள். அத்தா அங்கே ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்.

முதலாளி ஜானகிராமன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேல்தோலு உரிஞ்சிருக்கே! யாரு டச் பண்ணது?"

"நான்தான் மொதலாளி" என்றார் அத்தா எழுந்து.

"இல்லை, நான்தான்" என்றாள் நபீசா. நாக்கை நீட்டிக் காட்டினாள்.

முதலாளி அந்தக் கறுப்பு நாக்கைப் பார்த்தார். ஜலாலைப் பார்த்தார். மேசை மேலிருந்த ஒரு படத்தை எடுத்து ஜலாலின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதுல யாரு இருக்காங்க, சொல்லு."

அத்தா கண்ணைச் சுருக்கினார். "கல்யாண ஜோடி" என்றார்.

அது தொட்டிலில் கிடக்கும் குழந்தை.

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் வேறு பக்கம் பார்த்தார். நபீசாவுக்கு அப்படியே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"எவ்ளோ நாளா?"

"மழைக்காலத்துலேர்ந்து."

"அடப்பாவி மனுஷா! ஒரு சின்னப் புள்ள எச்சியிலயா என் ஸ்டூடியோ ஓடியிருக்கு?" முதலாளி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? புள்ளைய வேலை வாங்கினேன்னு ஊர் என்னைத்தானே பேசும்? வேற ஆளைப் பாத்துக்கறேன், ஜலால். கோச்சுக்காதே. கண்ணு இல்லாத வேலை என்கிட்ட இல்லை."

அத்தா தன் தூரிகையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகும் வழியில் மகள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வெளியில் அப்படி நடப்பது அதுதான் முதல் தடவை. இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் சத்தமே இல்லை. ஜன்னலுக்கு வெயில் வந்தது, போனது. அங்கே உட்கார நபீசாவுக்கு வேலை இல்லை. நாக்கு மெல்ல மெல்லச் சிவந்துகொண்டு வந்தது. கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு அவள் அழுதாள்.

*

திங்கட்கிழமை கண்காட்சி. களிமண்ணில் எரிமலை, கண்ணாடிக் குடுவையில் தவளை, இரண்டாக அறுத்த செம்பருத்தி என்று ஏகப்பட்டது இருந்தது. ஆனால் கூட்டம் கூடியது ஒரே இடத்தில்தான்.

சுவரில் இரண்டு பெரிய படங்கள். இரண்டாவதில் ஒரு சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் இருட்டு. கீழே நபீசாவின் கையெழுத்து: 'இங்கே ஒரு நட்சத்திரம் இருந்தது. தூசி என்று நினைத்து நான் அணைத்துவிட்டேன். நபீசா, ஆறாம் வகுப்பு.'

"விளக்கணைச்ச நபீசா!" என்று கத்தினார்கள் பெரிய வகுப்புப் பெண்கள். "நாளைக்கு நிலாவை அணைச்சுடாதேடி, நாங்க வீட்டுக்குப் போகணும்!"

நபீசா படத்துக்குப் பக்கத்திலேயே நின்றாள். கேட்டவருக்கெல்லாம் சொன்னாள். எப்படி வெடித்தது, எவ்வளவு காலம் நடந்து வந்தது, எப்படி அணைத்தாள், எல்லாம். முதலில் மெதுவாகத்தான் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் திறந்தது. கிண்டல் செய்தவர்கள்கூடக் கொஞ்ச நேரம் கழித்து வாயை மூடிக்கொண்டு அந்த வெறும் இருட்டை உற்றுப் பார்த்தார்கள். எரிமலைக்குச் சொந்தக்காரி வசந்தாவே எரிமலையை விட்டுவிட்டு வந்து நின்றாள்.

ஒன்றாம் வகுப்புக் குட்டி ஒன்று நபீசாவின் பாவாடையை இழுத்தது. "அக்கா, அது திரும்பி வருமா?"

"வராது பாப்பா."

குட்டியின் உதடு பிதுங்கியது.

நபீசா குனிந்தாள். "ஆனா இந்தச் சுருள்ல இது மட்டும் இல்ல. எங்க டீச்சர் சொன்னாங்க, இதுக்கு முன்னாடியே ரெண்டு வெடிச்சிருக்காம். அப்ப இன்னும் ஒண்ணு எங்கியாவது வெடிச்சிருக்கும். அதோட வெளிச்சம் கெளம்பியிருக்கும். இப்ப வழியில வந்துக்கிட்டே இருக்கும்."

"நாளைக்கு வந்துடுமா?"

"வந்தாலும் வரும்."

சொல்லும்போதே அவள் நெஞ்சில் ஏதோ கொஞ்சம் லேசானது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜானகிராமன் முதலாளி வந்தார். நகல் சரியாக மாட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வந்தவர், கீழே எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தார். அவர் நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம்.

நபீசாவுக்குப் பயம்தான். ஆனாலும் பாவமாக இருந்தது. "நெத்தியில என்ன மொதலாளி? ரொம்ப வலிக்குதா?"

"அந்தப் பாழாப்போன இருட்டு ரூமுதான்!" என்றார் அவர், நெற்றியைத் தடவிக்கொண்டு. "இப்ப வர்ற பிலிமுக்குச் சிவப்பு விளக்குகூட ஆகாதாமே. கும்மிருட்டுல கழுவணும். நேத்து அலமாரியில முட்டிக்கிட்டேன். கல்யாண பிலிமு ஒண்ணு கீழ விழுந்து போச்சு. என்னத்தைச் சொல்ல! அங்க நான் பொட்டைக்கண்ணன்."

நபீசா அவரையே பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அந்த ரூமுல கண்ணு இருக்கறவங்களுக்கும் தெரியாதா மொதலாளி?"

"யாருக்கும் தெரியாது."

"எங்க அத்தா வீட்டுல விளக்கு இல்லாமலே எல்லாம் எடுப்பாங்க. எந்தச் சாமானும் இடிக்காது. பழகிட்டாங்க." அவள் ஓர் எட்டு முன்னால் வந்தாள். "கண்ணு இல்லாத வேலை உங்ககிட்ட இல்லைன்னு சொன்னீங்களே. அது இருக்கு மொதலாளி."

முதலாளி வீங்கிய நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நாளைக்கு உங்க அத்தாவை வரச் சொல்லு" என்றார் கடைசியில். "ஒரு நாள் பாக்கறேன். ஒரு நாள்தான், ஆமா."

மறுநாள் பள்ளி விட்டதும் நபீசா ஸ்டூடியோவுக்கு ஓடினாள். இருட்டறையின் கதவு மூடியிருந்தது. கதவில் காதை வைத்துக் கேட்டாள்.

"பிலிமைக் கிளிப்புல மாட்டியாச்சு மொதலாளி. இன்னும் கொஞ்சம் ஊறட்டும்" என்றது அத்தாவின் குரல், அவசரமே இல்லாமல்.

"அதுக்குள்ளயா? ஜலால், நீ எங்கய்யா நிக்கறே? அந்த மருந்துத் தட்டு எங்க?"

"உங்க முழங்கைக்குப் பக்கத்துலதான் மொதலாளி. நகராதீங்க, நகராதீங்க…"

தடால் என்று ஒரு சத்தம். அதன் பிறகு, அந்தக் கும்மிருட்டுக்குள்ளிருந்து, மழைக்காலத்துக்கு அப்புறம் நபீசா கேட்டே இராத சத்தம் ஒன்று வந்தது. அவளுடைய அத்தா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.